குல்மார்க்கா, ஆலியா? ஏழு நாளில் பனிச்சறுக்கு கற்க எங்கே போவது

கேட்டது இதுதான்: கோவையிலிருந்து நான்கு பேர், பிப்ரவரி இரண்டாவது வாரம், வாசல்படி தாண்டியதிலிருந்து வீடு திரும்பும்வரை மொத்தம் ஏழு நாள். மூன்று பேர் பனியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நான்காமவர் ஆஸ்திரியாவில் வேலை பார்த்தபோது இரண்டு குளிர்காலம் சறுக்கியவர். காஷ்மீரின் குல்மார்க்கா, உத்தராகண்டின் ஆலியா?

குல்மார்க். உயரம் அதிகம், பனி அதிகம் என்று வழக்கமாகச் சொல்லும் காரணங்களுக்காக அல்ல. உங்களுக்கு நாள் போதாது, அதற்காக.

கணக்கைப் பாருங்கள். முதல் நாள் டெல்லி வழியாக ஸ்ரீநகர் போய், இரவு அங்கே தங்கிவிடலாம். விமான நிலையத்திலிருந்து குல்மார்க் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். ரோடு நன்றாக இருந்தால் இரண்டு மணி நேரம். இரண்டாம் நாள் காலை கிளம்பினால் மதியத்துக்குள் பூட்ஸை வாடகைக்கு எடுத்து, சாயங்காலத்துக்குள் முதல் பாடத்தை முடித்துவிடலாம். மூன்றும் நான்கும் ஐந்தும் முழு நாள், ஆறாம் நாள் மதியம்வரை, பிறகு கீழே இறங்கி ஸ்ரீநகரில் தூக்கம். ஆக நான்கு நாள் காலில் ஸ்கீ இருக்கும்.

ஆலிக்கு முதல் நாள் டேராடூனின் ஜாலி கிராண்ட் விமான நிலையம், இரவு ரிஷிகேஷ். இரண்டாம் நாள் முழுக்க வண்டிக்குள்தான்: ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமத் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மலைப்பாதை, ஒன்பது பத்து மணி நேரம் பிடிக்கும். இருட்டிய பிறகு மலைப்பாதையில் வண்டி விடமாட்டார்கள், அதனால் விடிவதற்குள் கிளம்ப வேண்டும். மூன்றாம் நாள் காலை ஆலி ஏறி, கருவி எடுத்து, சரிவில் கால் வைக்கும்போது பதினொரு மணி ஆகிவிடும். ஆறாம் நாள் மறுபடி அதே பத்து மணி நேரம். மிஞ்சுவது மூன்று நாள்கூட இல்லை. முதல் தடவை சறுக்குபவருக்குச் சறுக்கத் தொடங்கிய மூன்றாம் நாள்தான் உடம்பு சொன்னபடி கேட்க ஆரம்பிக்கும். அந்த நாளில் மூட்டை கட்டுவது வீண்.

(வண்டி, ஓட்டல் பதியும்போது ஒரு எச்சரிக்கை: ரிஷிகேஷ்-ஜோஷிமத் பாதையிலும் ஸ்ரீநகர் என்று ஓர் ஊர் உண்டு, உத்தராகண்டின் கட்வால் பகுதியில். ஆன்லைனில் இரண்டையும் குழப்பிக்கொண்டு அறை போட்டுவிட வாய்ப்பு நிறைய.)

ஆலிக்கு இன்னொரு சிக்கல் ரோப்வே. ஜோஷிமத்திலிருந்து ஆலிக்கு 4 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ரோப்வே இருந்தது. பழைய பயணக் கட்டுரைகள் எல்லாம் அதைத்தான் புகழ்கின்றன. 2023 ஜனவரியில் ஜோஷிமத்தில் நிலம் அமிழ்ந்து 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விட்டபோது அதை நிறுத்தினார்கள். அது ஓடும் என்று கணக்குப் போட்டு எதையும் பதியாதீர்கள். ஆலிக்கு ஜீப் ரோடு உண்டு, பதினைந்து கிலோமீட்டர் போல. நல்ல பனி விழுந்த மறுநாள் அந்த ரோடே பாதியில் நின்றுவிடும். கடைசிப் பகுதியை நடந்தோ, சங்கிலி கட்டிய வண்டி கிடைத்தால் அதிலோ ஏற வேண்டும். ஜோஷிமத்துக்கு 2024இலிருந்து அதிகாரப்பூர்வப் பெயர் ஜோதிர்மட். மேப்பில் இரண்டு பெயரும் வரும், குழம்ப வேண்டாம்.

இனி உயரம். குல்மார்க் ஊர் இருக்கும் கிண்ணம் போன்ற புல்வெளி 2,650 மீட்டர். கோண்டோலா எனும் கேபிள் காரின் முதல் கட்டம் கொங்டூரியில் விடும், 3,100 மீட்டர் அளவில். இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலைத்தோளுக்கு, 3,950 மீட்டர் அளவில். ஆலியின் சரிவு மொத்தமும் 2,500க்கும் 3,050க்கும் இடையில் அடங்கிவிடும். 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும் என்று வைத்தால், அஃபர்வட் மலைத்தோள் குல்மார்க் கிண்ணத்தைவிட எட்டு டிகிரிக்கு மேல் குளிர். கீழே மழையாகப் பெய்வது மேலே பனியாக விழும், விழுந்தது பொடியாகவே நிற்கும். குல்மார்க்கின் பெயர் உலகெங்கும் போனது இந்த மேல் பாதியால்தான்.

ஆனால் அந்த மேல் பாதி உங்கள் மூவருக்குக் கிடையாது. கற்பவர்கள் இருக்கப்போவது குளிர்காலத்தில் வெள்ளையாகிக் கிடக்கும் கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய சிறு சரிவுகளில், அதே 2,650 மீட்டரில். ஆலியில் பழகும் இடம் அதைவிடச் சற்று மேலேதான். ஆகவே 'உயரத்துக்காக குல்மார்க்' என்பது ஏற்கெனவே சறுக்கத் தெரிந்தவருக்கான வாதம். புதியவருக்குப் பொருந்தும் வாதம் வேறு: குளிர்காலப் பனியைக் கொண்டுவரும் மேற்கத்திய இடையூறுகள் (மேற்கிலிருந்து வரும் புயல் மண்டலங்கள்) காஷ்மீரை முதலில், முழு ஈரத்தோடு தாக்கும். கட்வாலுக்கு அவற்றின் வால்தான் பெரும்பாலும் வந்து சேரும். ஆலியில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காகச் செயற்கைப் பனி இயந்திரங்கள் வாங்கினார்கள், அவற்றுக்குத் தண்ணீர் தர மேலே ஒரு செயற்கை ஏரியும் உண்டு. ஆனாலும் பனி போதாமல் தேசியப் போட்டிகளே அங்கே ரத்தாகியிருக்கின்றன. பனி பீச்சும் இயந்திரத்துக்கும் குளிர் வேண்டும். இரவு வெப்பநிலை உறைநிலைக்கு நன்றாகக் கீழே போகாவிட்டால் அது வெறும் தண்ணீரைத்தான் தூவும்.

குல்மார்க்கும் ஏமாற்றாத இடம் அல்ல. 2024 ஜனவரியில் அந்தக் கிண்ணம் காய்ந்த புல்லாகக் கிடந்தது, வந்தவர்கள் பழுப்புத் தரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். அப்புறம் பிப்ரவரியில் பனி வந்தது. டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரை காஷ்மீரிகள் சில்லைக் கலான் என்பார்கள். அதற்கடுத்த இருபது நாள் சில்லைக் குர்த். நீங்கள் சொல்லும் வாரம் அந்த இருபதுக்குள் விழுகிறது. ஜனவரி முழுவதும் விழுந்தது கீழே கெட்டியாகப் படிந்திருக்கும், புதிதாக விழவும் வாய்ப்பு இருக்கும், மார்ச்சின் மதிய நேரச் சேறும் இன்னும் தொடங்கியிருக்காது. தேதி நல்ல தேர்வு. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பிப்ரவரி, மார்ச்சை ஒட்டி குல்மார்க்கில் நடப்பது வழக்கம். அறை பதியுமுன் அந்த ஆண்டின் தேதியைப் பார்த்துவிடுங்கள். அந்த நாட்களில் அறை கிடைப்பதும் கஷ்டம், இன்ஸ்ட்ரக்டர் கிடைப்பதும் கஷ்டம்.

ஆலியை எப்போது எடுக்கலாம்? பதினான்கு நாள் கையில் இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். உத்தராகண்ட் அரசின் சுற்றுலா நிறுவனமான கட்வால் மண்டல் விகாஸ் நிகம் நடத்தும் ஏழு, பதினான்கு நாள் பயிற்சிகளில் தங்கல், சாப்பாடு, கருவி, இன்ஸ்ட்ரக்டர் எல்லாம் ஒரே கட்டணத்தில் வரும், பேரம் இல்லை, பனிவண்டியில் ஏறச் சொல்லிப் பின்னால் சுற்றும் ஸ்லெட்ஜ்காரர்களும் குறைவு. சரிவும் ஒரே சீராக, மேலிருந்து கீழ்வரை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கும். நடுத்தரத் திறமை உள்ளவருக்கு அந்த மூன்று கிலோமீட்டர் ஓட்டம் மிக நல்ல பள்ளிக்கூடம். எதிரே 7,816 மீட்டர் நந்தாதேவி நிற்கும். காட்சிக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் ஆலி ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. கூட வைணவப் பெரியவர்கள் வருவதானால் இன்னொரு கணக்கும் உண்டு: 108 திவ்யதேசங்களில் திருப்பிரிதி என்பது ஜோஷிமத் நரசிம்மர் கோயில்தான் என்பது வழக்கு, திருக்கண்டமென்னும் கடிநகரான தேவப்பிரயாகை போகிற வழியிலேயே இருக்கிறது. பிள்ளைகள் சறுக்கும்போது பெரியவர்கள் அறையில் முடங்க வேண்டியதில்லை.

குல்மார்க்கிலும் அப்படி ஒட்டுமொத்தப் பயிற்சி வேண்டுமென்றால், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழுள்ள இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. அதன் பயிற்சித் தேதிகள் உங்கள் வாரத்தோடு ஒத்துப்போனால் அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஒத்துப்போகாவிட்டால் தனி இன்ஸ்ட்ரக்டர். மூன்று பேருக்கு ஒருவர் போதும், நான்கு நாளைக்கும் ஒரே ஆளாகப் பிடியுங்கள். நாளுக்கொருவர் என்றால் ஒவ்வொருவரும் முதல் பாடத்திலிருந்தே ஆரம்பிப்பார்கள். கட்டணம் பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை மணி நேரம், ஸ்கீ வாடகை இதில் சேருமா, லிஃப்ட் பாஸ் யார் பொறுப்பு. சண்டை வருவதெல்லாம் இந்த மூன்றில்தான்.

வாடகைக் கடையில் செலவழிக்கும் முக்கால் மணி நேரம்தான் பயணத்தின் மிக முக்கியமான முக்கால் மணி நேரம். முதலில் பூட்ஸ், அப்புறம்தான் ஸ்கீ. பூட்ஸுக்குள் ஒரே ஒரு ஜோடி, முழங்கால்வரை வரும் கம்பளி சாக்ஸ். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி போடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு: கால் இறுகி ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சில்லிடும், மடிப்பு விழுந்த இடத்தில் கொப்புளமும் வரும். பக்கிளைப் போட்டு நேராக நிற்கும்போது கட்டைவிரல் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் எழும்பவே கூடாது. எழும்பினால் ஒரு அளவு சின்னது கேளுங்கள். நடப்பதற்குச் சுகமாக இருக்கிற பூட்ஸ் சறுக்குவதற்கு ஆகாது.

ஸ்கீயை நிமிர்த்தி வைத்தால் முகவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் நிற்க வேண்டும். அதற்கு மேல் நீளமானால் திரும்பாது. ஓரத்து இரும்பு விளிம்பில் நகத்தைக் குறுக்கே தேய்த்துப் பாருங்கள். மெல்லிய சீவல் வந்தால் விளிம்பு உயிரோடு இருக்கிறது, வழுக்கிக்கொண்டு போனால் மொட்டை. மொட்டை விளிம்பு காலை நேரத்து இறுகிய பனியில் பிடிக்கவே பிடிக்காது.

பிறகு பைண்டிங், அதாவது பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பூட்டு. முன்னும் பின்னும் சின்ன ஜன்னலில் ஓர் எண் தெரியும். விழும்போது எவ்வளவு விசையில் பூட்ஸ் கழன்று வர வேண்டும் என்பதை அது சொல்கிறது. கடைக்காரர் உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிநீளம் கேட்டு அதை ஸ்க்ரூ டிரைவரால் திருப்ப வேண்டும். கேட்காமல் எடுத்துக் கொடுத்தால் அது முந்தின ஆளின் எடைக்கு வைத்தது என்று அர்த்தம். எண் அதிகமாக இருந்தால் விழும்போது கழலாது, முழங்கால் ஜவ்வு கிழியும். குறைவாக இருந்தால் திரும்பும்போதெல்லாம் கழன்றுகொள்ளும். ‘ஒன்றும் ஆகாது சார்’ என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். ஹெல்மெட்டும் வாடகைக்கு உண்டு; வேண்டாம் என்று நினைக்க வேண்டாம்.

குல்மார்க்குக்குக் கீழே உள்ள ஊரான தங்மார்கில் வண்டியை நிறுத்தினதுமே நீள ஓவர்கோட்டும் கம்பூட்ஸும் வாடகைக்குத் தர வருவார்கள். அவை வேடிக்கை பார்ப்பவர்களுக்கு. சறுக்குவதற்கு நீர் புகாத பேன்ட், அதேபோல ஒரு ஜாக்கெட், உள்ளே தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், அவ்வளவுதான். ஜீன்ஸ் அரை மணியில் நனைந்து விறைத்துவிடும். கம்பளிக் கையுறையும் அப்படியே. கையுறைக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள், நாளெல்லாம் பனியில் கை ஊன்றி எழப்போகிறீர்கள்.

முதல் நாள் கற்பிப்பது கலப்பை நிலை: இரண்டு ஸ்கீ முனைகளும் ஒரு கை முஷ்டி இடைவெளியில், வால்கள் அகல விரிந்து, உள்விளிம்புகள் பனியைச் சுரண்டும். விரித்தால் வேகம் குறையும், குறுக்கினால் கூடும். வலது காலை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும். கேட்க எளிதுதான். தப்பு எங்கே நடக்கிறதென்றால், வேகம் பிடித்ததும் பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தவுடன் எடை வாலுக்குப் போகும், முனை லேசாகும், ஸ்கீ திரும்ப மறுக்கும், வேகம் இன்னும் ஏறும். இதற்கு மருந்து ஒன்றே: கணுக்காலுக்கு மேல் கெண்டையின் முன்னெலும்பு பூட்ஸ் நாக்கை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அழுத்தம் விட்டுப்போனதும் நீங்கள் சாய்ந்துவிட்டீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம், கண்ணாடி தேவையில்லை.

விழுவதென்று ஆகிவிட்டால் பக்கவாட்டில், மேட்டுப்பக்கம் விழுங்கள். எழுவதற்கு முன் இரண்டு ஸ்கீயையும் உங்களுக்குக் கீழே, சரிவுக்குக் குறுக்காக வையுங்கள். கீழ்நோக்கி இருக்கும்போது எழ முயன்றால் எழும்போதே ஓடிவிடும். கயிற்றில் தொங்கும் வட்டால் சரிவில் மேலே இழுத்துப்போகும் இழுவை லிஃப்டில், வட்டு தொடையிடுக்கில் வந்ததும் உட்காரத் தோன்றும். உட்கார்ந்தால் கயிறு நீண்டு தரையில் போடும். நின்றபடி இழுபட விட்டுவிட வேண்டும்.

பயிற்சியின் மூன்றாம் நாள் முடிவில் கலப்பை நிலையிலேயே வரிசையாகத் திரும்பி இறங்க முடிந்தால், கொங்டூரிவரை கோண்டோலாவில் போய்ப் பார்க்கலாம். அங்கிருந்து சறுக்கி இறங்கலாமா என்பதை இன்ஸ்ட்ரக்டர் முடிவு செய்யட்டும். இரண்டாம் கட்டத்துக்கு மூவரும் ஸ்கீ இல்லாமல், பயணியாக மட்டும் போங்கள். டிக்கெட் இரண்டு கட்டத்துக்கும் தனித்தனி. ஜம்மு காஷ்மீர் கேபிள் கார் கார்ப்பரேஷன் தளத்தில் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், சீசனில் சீக்கிரம் தீர்ந்துவிடும். பலமான காற்று, கனத்த பனி, இரண்டில் எது வந்தாலும் மேல்கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். தொடர்ந்து இரண்டு மூன்று நாள் மூடிக் கிடப்பதும் உண்டு. அதனால் கடைசி நாளுக்கு ஒத்திவைக்காதீர்கள், வானம் தெளிந்த முதல் காலையிலேயே போய்விடுங்கள்.

இனி உங்கள் நான்காமவர். குல்மார்க்குக்குப் போவதில் பெரிய லாபம் அவருக்குத்தான், பெரிய ஆபத்தும் அவருக்குத்தான். மேலிருந்து கிண்ணம்வரை ஏறத்தாழ 1,300 மீட்டர் இறக்கம். ஆனால் ஆஸ்திரியாவில் இயந்திரம் ஓட்டிச் சமன் செய்து, கம்பம் நட்டு, நிறம் போட்டு வைத்த பாதைகளில் பழகியவர் அஃபர்வட்டில் அதை எதிர்பார்க்கக் கூடாது. கோண்டோலாவுக்கு நேர் கீழே கிண்ணம்போல் குழிந்த பெருஞ்சரிவை மட்டுமே ரோந்துக் குழு கவனிக்கிறது. அந்த எல்லைக்கு வெளியே போனால் அது வெறும் இமயமலை. 2023 பிப்ரவரியில் அஃபர்வட்டில் பனிச்சரிவில் இரண்டு போலந்து நாட்டவரும், 2024 பிப்ரவரியில் கிலன்மார்க் பக்கம் ஒரு ரஷ்யரும் இறந்தார்கள். புதுப் பனி விழுந்து வெயில் அடிக்கும் முதல் நாள்தான் பார்க்க மிக அழகு, பனிச்சரிவு வாய்ப்பும் அன்றுதான் அதிகம். முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி சாய்வில்தான் பெரும்பாலும் பனிப்பலகை (பலகைபோல் இறுகிய பனி அடுக்கு) உடையும். நல்ல சறுக்குதளம் என்று கண் தேடுவதும் அதே சாய்வைத்தான்.

ஆகவே அவர் மேலே போகும் நாளில் உள்ளூர் கைடு, இருவரிடமும் பீக்கன் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி), மடக்கு மண்வெட்டி, துழாவும் கம்பி. மூன்றையும் வாடகைக்குக் கேட்கலாம். பீக்கனைக் கையில் வாங்கியதும் ஆன் செய்து, தேடுதல் நிலைக்கு மாற்றி, பேட்டரி எத்தனை சதவீதம் என்று பார்க்கச் சொல்லுங்கள். புதைந்தவரை முதல் கால்மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு சரசரவென்று இறங்கிவிடும். கீழேயிருந்து உதவி வருவதற்கு அது போதாது, கூட இருப்பவர்தான் தோண்ட வேண்டும். கைடு ‘இன்று வேண்டாம்’ என்றால் நம் நான்காமவருக்கும் அன்று வேலை உண்டு: பைன் மரங்களுக்கிடையே பாபா ரேஷி பக்கம் இறங்கும் ஓட்டம். கீழே ஜீப் வந்து ஏற்றிக்கொள்ளும்படி முன்பே பேசி வைக்க வேண்டும்.

பயணக் காப்பீடு எடுப்பவர்கள் பாலிசியில் பனிச்சறுக்கு என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். ‘குறிக்கப்பட்ட பாதைக்கு வெளியே’ என்ற விலக்கும், உயர வரம்பும் இருக்கிறதா என்று பாருங்கள். அஃபர்வட் ஏறத்தாழ 4,000 மீட்டர்.

அறையில் முதலில் கேட்க வேண்டியது சூடு எதனால் என்று. சென்ட்ரல் ஹீட்டிங் உள்ளவை சிலதான். மற்றவற்றில் புகாரி எனும் விறகு அடுப்பு, மின்கம்பளி. கரண்ட் போனால் ஜெனரேட்டர் எத்தனை மணிவரை ஓடும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரோ கரி அடுப்போ அறைக்குள் வைத்துத் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. செலவு குறைக்க தங்மார்கில் தங்கலாமா என்று பலர் கேட்பார்கள். 13 கிலோமீட்டர்தான், ஆனால் பனி விழுந்த காலையில் சங்கிலி கட்டிய வண்டிக்குக் காத்திருந்தே பத்து மணி ஆகிவிடும். நான்கு நாளில் தினம் இரண்டு மணி நேரம் போனால் ஒரு நாளே போன மாதிரி.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், சைவமும் கிடைக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். மேல்கட்டத்துக்குப் போகிற அன்று தலைவலியும் குமட்டலும் வந்தால் மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் அடுத்த கேபினில் இறங்கிவிடுங்கள். 1,000 மீட்டருக்குப் பத்து சதவீதம் புற ஊதாக்கதிர் கூடும், புதுப் பனி அதில் பெரும் பங்கைக் கீழிருந்து திருப்பி அடிக்கும்; மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் சன்ஸ்க்ரீன் தடவாதவர்களுக்குத்தான் தோல் உரியும். மேகமூட்ட நாளுக்கு ஆரஞ்சு நிறக் கண்ணாடி உள்ள காகிள்ஸ் வேண்டும், கறுப்புக் கண்ணாடியில் மேடுபள்ளம் தெரியாது.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. நால்வரில் இருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்க வேண்டும். கோண்டோலா டிக்கெட்டையும் அறை ரசீதையும் காகிதத்தில் எடுத்து வையுங்கள், அசல் அடையாள அட்டையும் கூட.

டிக்கெட் போடும்போது திரும்பும் விமானத்தைக் காலையில் போடாமல் மதியத்துக்கு மேல் போடுங்கள்; ஸ்ரீநகரில் காலைப் பனிமூட்டத்தில் விமானங்கள் தாமதமாவது வழக்கம், விமான நிலைய வெளிவாசலிலேயே பெட்டிகளைச் சோதிப்பதால் மூன்று மணி நேரம் முன்பே போகவும் வேண்டும். விமானம் ரத்தானால் 2025 ஜூனிலிருந்து கட்ரா-ஸ்ரீநகர் வந்தே பாரத் இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் கட்ரா வந்து, ஜம்முவிலிருந்து டெல்லி பிடிக்கலாம். அறையைக் கடைசி வாரம்வரை ரத்து செய்யக்கூடியதாகப் பதியுங்கள். புறப்படப் பத்து நாள் இருக்கும்போது பாதுகாப்பு நிலவரத்தையும் பாருங்கள், கோல்ஃப் மைதானத்தின் அன்றைய வீடியோ ஒன்றை இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டு வாங்கியும் பாருங்கள். புல் தலைகாட்டுகிறது, அடுத்த ஒரு வாரத்துக்கு மேற்கத்திய இடையூறு எதுவும் வருவதாக வானிலை அறிவிப்பில் இல்லை என்றால், பயணத்தை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். ஆலிக்கு மாற்றிப் பதிய வேண்டாம். காஷ்மீர் காய்ந்திருக்கும் வாரத்தில் கட்வால் வெளுத்துக் கிடப்பது அபூர்வம்.